கொக்கு தூங்கிக்கொண்டிருந்தான்

நியூயார்க்
14 டிசம்பர் 1978

அன்புத் தங்கை நெரெய்தாவுக்கு,

அண்ணன் ஃபெர்மின் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிருக்கு மூட்டு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. நீயும் என் மருமகன் ரதாமெஸும் சுகமாக இருக்கக் கடவுள் துணை.

திங்கட்கிழமை காலையில் ஹோட்டல் லாண்டரிக்கு வேலைக்குப் போகிற வழியில் பிளாஸின் சலூன் திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் அவன் திறக்கிறவன் இல்லை. உள்ளே நம் ஊர் சாந்தா ரீத்தா ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ் என்னைப் பார்த்து, "கொக்கு போயிட்டான்டா" என்றான். அவனை அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்குக்கு எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, "எந்த டீமுக்கு?" என்று கேட்டேன். நெரெய்தா, அந்தக் கேள்வியை என் வாய்தான் கேட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்து நான்கு வயது. போன ஜனவரியில் நான் ஊருக்கு வந்திருந்தபோது நாம் சேர்ந்து பார்த்த ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? பந்து சுவரைத் தாண்டிவிட்டது என்று நீ கண்ணை மூடிக்கொண்டாய். அவன் அந்த நீளக் காலோடு முதுகைக் காட்டி ஓடி, எழும்பி, கையுறையைத் திறந்து பார்த்து, யாரோ பந்தை உள்ளே வைத்துவிட்டுப் போன மாதிரி சிரித்தானே. பேஸ்பால் என்றால் இனிமேல் எனக்கு என்ன?

இங்கு வந்த பத்திரிகையில், தலைநகரில் ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது விபத்து, நண்பர் ஒருவர் காரை ஓட்டினார், உயிர் தப்பினார் என்று மட்டும் போட்டிருக்கிறது. யார் அந்த மகராசன்? குடித்திருந்தானா? உடனே எழுது.

ரதாமெஸை நினைத்தால்தான் கவலை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பிள்ளை உடைந்துபோயிருப்பான். பக்கத்திலேயே இரு.

அன்புடன்,
அண்ணன் ஃபெர்மின்


சாந்தா ரீத்தா
6 ஜனவரி 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள். நாங்கள் இருக்கிறோம். ரதாமெஸுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. ஆலைப் பட்டறைக்கு லீவு சொல்லியிருக்கிறான்.

கொக்கின் அடக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலையை எதற்கும் நிறுத்த மாட்டார்கள், அன்றைக்கு நிறுத்தினார்கள். பெட்டியை மைதானத்துக்குள் கொண்டுபோய், சென்டர் ஃபீல்டில் அவன் எப்போதும் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் வைத்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள் வயலிலிருந்து அப்படியே வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே கூட்டம்.

அவன் அம்மா உபால்தினா அழவே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அழாமல் என்ன? முதலில் செய்த பெட்டியைப் பார்த்துத் தச்சரிடம், "குட்டையா இருக்கே. என் பிள்ளை காலை மடக்கிப் படுக்க மாட்டானே" என்றாளாம். அந்த மனிதர் வேறு பெட்டி செய்துகொண்டு வந்தார்.

அண்ணா, ஒரு உதவி. ரதாமெஸை அங்கே கூப்பிட்டுக்கொள்ள முடியுமா? விசாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்து எழுதுங்கள். சீக்கிரம் நடந்தால் நல்லது.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போங்கள்.

தங்கை நெரெய்தா


நியூயார்க்
28 ஜனவரி 1979

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் உப்பு ஒத்தடம் கேட்டது. ரதாமெஸ் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பிளாஸ் தன் சலூன் கண்ணாடிக்கு மேலே கொக்கின் படத்தை மாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் கூடுகிறோம். ஆளுக்கு ஒன்று அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் துணிப் பந்தை அடித்துத் தன் வீட்டுக் கோழியைக் கொன்றான் என்று ஒருத்தர் சொல்கிறார். மீன் விற்ற நம்ம தோமே, பந்து பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்கிறான். பிளாஸ் விடவில்லை. "உனக்கு மீதிச் சில்லறையே கையில நிக்காது. நீ பந்து பிடிக்கக் கத்துக்கொடுத்தியா?" என்றான். சிரித்தோம். சிரித்து முடித்தபோது ஒருத்தராலும் தலை நிமிர முடியவில்லை.

கடைசியில் பேச்சு காரை ஓட்டினவனிடம்தான் வந்து நிற்கிறது. அவன் யார் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. குடிகாரன் என்கிறார்கள். நான் கேட்டிருந்தேன், நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்திருப்பாய். இந்தத் தடவை எழுது.

ரதாமெஸ் இங்கே எதற்கு? பட்டறையில் நல்ல பேர் எடுத்திருக்கிறான். இது ஆளைத் தின்கிற ஊர். கூட்டாளி போன துக்கத்தில் கேட்கிறான், ஆறிவிடும். ஞானத்தகப்பன் நான் சொன்னேன் என்று சொல்.

ஃபெர்மின்


சாந்தா ரீத்தா
2 மார்ச் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது. காலையில் ஒரு கெண்டி காப்பி போடுவேனே, இப்போது சின்னப் பாத்திரம் போதுமாக இருக்கிறது. எல்லோருக்கும் அவரவர் வேலை.

விசா பற்றி மறுபடியும் கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். நியூயார்க்தான் என்றில்லை, வேறெங்காவது தெரிந்தவர்கள் இருந்தாலும் சரி.

நெரெய்தா


நியூயார்க்
20 மே 1979

நெரெய்தா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

இன்று ஞாயிறு. வழக்கம்போல சலூனில் கூடினோம். என் முறை வந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "அந்த டிரைவர் என் கையில கிடைச்சா, அவன் ரெண்டு கையையும் கரும்பு பிழியற உருளையில விடுவேன்" என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒரு புது ஆள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரீனோ என்று பேர்; நம் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "என்ன ஃபெர்மின் அண்ணே, சொந்த மருமகன் கையையா?" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. பிளாஸ் எங்களில் ஒருத்தருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவன், கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எந்தப் பக்கம் நடந்தேன் என்று தெரியவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். உண்மையா?

ஃபெர்மின்


சாந்தா ரீத்தா
9 ஜூன் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

உண்மைதான்.

கொக்கு கார் வாங்கினானே தவிர, ஓட்டத் தெரியாது. ரதாமெஸ்தான் எங்கும் கொண்டுபோவான், கொண்டுவருவான். அன்றைக்கு அணியோடு தலைநகரிலேயே தங்க வேண்டியவன், அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்று கிளம்பினான். பொழுது சாய்கிற நேரம். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று, விளக்கில்லாமல் ரோட்டு ஓரம் நின்றிருந்தது. ரதாமெஸுக்குக் கை ஒடிந்தது, விலா எலும்பு இரண்டு போயிற்று. கொக்கு உட்கார்ந்திருந்த பக்கம்தான் வண்டிக்குள் போனது. ரதாமெஸ் குடிக்கவில்லை. போலீஸ் விசாரித்து விட்டுவிட்டது. ஊர் விடவில்லை.

யாரும் திட்டவில்லை, அண்ணா. திட்டினால் பதில் சொல்லலாம். கோயிலில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. கடையில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் அணியின் தொப்பி ஒன்று எங்கள் வாசலில் கிடக்கும். யார் போடுகிறார்கள் என்று பார்க்க நான் போனதில்லை. ரதாமெஸ் அதை எடுத்துத் துவைத்துக் காயவைத்து உள்ளே வைக்கிறான். பகலில் வெளியே போவதில்லை. என்னோடுகூடப் பேச்சில்லை.

உங்களிடம் ஏன் மறைத்தேன்? முதல் கடிதத்திலேயே யார் அந்த மகராசன் என்று கேட்டிருந்தீர்கள். பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த வரி வந்து முன்னால் நின்றது. எனக்கென்று இருக்கிறது ஒரு அண்ணன். அந்த ஒரு இடத்திலாவது என் பிள்ளை பழைய ரதாமெஸாகவே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன்.

கொக்குக்கு நானும் சோறு போட்டவள். அவனுக்காக அழக்கூட இந்த ஊர் என்னை விடவில்லை.

நெரெய்தா


சாந்தா ரீத்தா
22 ஜூலை 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் கடிதம் வந்து சேர்ந்ததா? உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள்.

நெரெய்தா


நியூயார்க்
4 செப்டம்பர் 1979

என் தங்கை நெரெய்தாவுக்கு,

இது உன் கைக்கு வருமா, நீ இருக்கிறாயா, எதுவும் தெரியாமல் எழுதுகிறேன். புயல் நம் பக்கமாகத்தான் கரையேறியது என்று ரேடியோ சொல்கிறது. நாலு நாளாகப் போன் போகவில்லை. தந்தி ஆபீஸில் வரிசையில் நின்றேன். கம்பியே இல்லை என்றுவிட்டார்கள்.

உன் கடிதம் இரண்டும் வந்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். நான் என்னவென்று எழுதுவேன்? ஞானஸ்நானத்தில் அவனைத் தூக்கியவன் நான். தண்ணீர் பட்டதும் வீரிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையைத்தான் உருளையில் விடுகிறேன் என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன், பத்துப் பேருக்கு நடுவில். அதே நேரம் கொக்கின் படத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள இந்த வயதில் தெரியவில்லை. அதனால் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது தப்பு.

நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்தால் போதும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அண்ணன் ஃபெர்மின்


சாந்தா ரீத்தா
1 அக்டோபர் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருக்கிறோம். உங்கள் கடிதத்தை நேற்றுத்தான் தபால்காரர் நனைந்த மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுத்து பாதி கரைந்திருந்தது. முக்கியமானது படிக்க முடிந்தது.

சமையல்கட்டு போய்விட்டது, வீடு நிற்கிறது. மைதானத்தின் வேலி முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது. உபால்தினா வீட்டுக் கூரைத் தகரத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

புயல் ஓய்ந்த மறுநாள் ரதாமெஸ் எங்களிடம் மிச்சமிருந்த தகரத்தையும் ஆணியையும் தூக்கிக்கொண்டு நட்ட நடுப்பகலில் தெருவில் நடந்து போனான். நான் பயந்து பின்னாலேயே போனேன். உபால்தினா வீட்டு மேல் ஏறி அடிக்க ஆரம்பித்தான். ஒடிந்து கூடிய கை. சுத்தியல் நிற்கவில்லை, இரண்டு தடவை நழுவி விழுந்தது. அவள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழுந்ததை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் அவன் இறங்கினதும் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "டிசம்பர்ல வருஷ ஜெபம். நீ வரணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து குடித்த தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்தான். போக மாட்டேன் என்கிறான். நான் சொல்லி அவன் காதில் ஏறவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

நெரெய்தா


நியூயார்க்
30 அக்டோபர் 1979

அன்பு ரதாமெஸுக்கு,

மாமாவின் ஆசி. கை வலி எப்படி இருக்கிறது?

உன்னைப் பற்றித் தெரியாமல் நான் பேசிய பேச்சு ஊர்வரை வந்திருக்கும். அதற்கு மன்னிப்பை நேரில் கேட்கிறேன். கடிதத்தில் கேட்டால் லேசாகிவிடும்.

ஜெபத்துக்குப் போ. யார் எழுந்து போனாலும் நீ எழுந்து வராதே. பெற்றவள் கூப்பிட்டிருக்கிறாள். மற்ற நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான்.

மாமா


சாந்தா ரீத்தா
18 டிசம்பர் 1979

அன்புள்ள மாமாவுக்கு,

ஆசி கேட்டு ரதாமெஸ் எழுதுகிறேன். அம்மா நலம். எனக்கு எழுத வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனேன். வீடு, முற்றம், தெரு எல்லாம் ஆட்கள். நான் நுழைந்ததும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். உபால்தினா அம்மா தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ஜெபம் முடிந்து, துவரைச் சோறும் காப்பியும் கொடுத்தபோது ஒவ்வொருத்தராகக் காசிமீரோவைப் பற்றிச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் அவனைக் கொக்கு என்பீர்கள். எனக்கு அந்தப் பேர் வாயில் வராது. அந்த ஆட்டத்தில் அடித்தது, இந்த ஆட்டத்தில் பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, உபால்தினா அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் மைதானத்துல பாத்ததைச் சொன்னீங்க. சந்தோஷம். கடைசியா அவன்கூட இருந்தது இவன் ஒருத்தன்தான். அதை எனக்கு யாரும் சொல்லல. நீ சொல்லுப்பா."

ஒரு வருஷமாக அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, மாமா. சொன்னேன். அன்றைக்கு எட்டாவது இன்னிங்ஸில் பந்தை நழுவவிட்டு ஆட்டத்தைத் தோற்றது அவன்தான். பாதி தூரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். வழியில் பொரித்த ரொட்டி வாங்கச் சொன்னான். தின்றுவிட்டு எண்ணெய்க் கையை என் சட்டையில் துடைத்தான். அதற்கப்புறம் சரியாகிவிட்டான். அழுக்கு யூனிஃபார்மைப் பார்த்து அம்மா எப்படித் திட்டுவார் என்று அவர் குரலிலேயே பேசிக் காட்டினான். அதை நான் அங்கே பேசிக் காட்டினேன். உபால்தினா அம்மா, "அப்படியேவா சொன்னான், போக்கிரி" என்று சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது.

"அப்புறம்?" என்றார்.

"தூங்கிட்டான்."

"வண்டியில மோதினப்ப?"

"தூக்கத்துலதாம்மா இருந்தான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார். ஒரு வருஷத்தையும் சேர்த்து அழுதார். வெளியே போன இரண்டு பேரில் ஒருத்தர் உள்ளே வந்து எனக்கு ஒரு காப்பியைக் கொடுத்தார்.

மாமா, அவன் தூங்கவில்லை. வண்டியை எனக்கு முன்னால் அவன்தான் பார்த்தான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கத்தவில்லை, இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடும்போது 'நீ எடு' என்று சொல்வானே, அந்தக் குரலில். பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. என் மடியில்தான் இருந்தான். அம்மா எங்கே என்று கேட்டான். வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.

இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இந்த ஊரில் யாரிடமும் சொல்லவும் முடியாது. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மருமகன்,
ரதாமெஸ்


நியூயார்க்
8 ஜனவரி 1980

அன்புத் தங்கை நெரெய்தாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இங்கே பனி முழங்கால் அளவு. சளி பிடித்துவிட்டது, கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

ரதாமெஸ் கடிதம் எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நாளைக்கப்புறம் பிளாஸின் சலூனுக்குப் போனேன். என் மருமகன் எழுதியிருக்கிறான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். கொக்கு வழியில் பொரித்த ரொட்டி தின்றதையும், அம்மா மாதிரி பேசிக் காட்டியதையும் சொன்னேன். கடைசியில் தூங்கிவிட்டான், தூக்கத்திலேயே போய்விட்டான், ஒரு கஷ்டமும் படவில்லை என்றேன். தோமே தொப்பியைக் கழற்றினான். "அது போதும்டா. அது ஒண்ணுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றான் பிளாஸ். கிரீனோ என் தோளில் கை வைத்தான். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஊரிலும் கேட்கிறவர்களுக்கு அப்படியே சொல்.

அந்தக் கடிதத்தை உனக்குப் படிக்க அனுப்பலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். லாண்டரியில் சட்டையோடு தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

மார்ச்சில் இரண்டு வாரம் லீவு கொடுக்கிறார்கள். வருகிறேன். நீ பஸ்ஸில் அலைந்து விமான நிலையத்துக்கு வர வேண்டாம். ரதாமெஸ் பட்டறையில் ஒரு கார் இரவல் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வரட்டும். முடியாது என்பான். முன்சீட்டில் அவன் பக்கத்தில்தான் மாமா உட்காருவாராம், வீடு வந்து சேரும்வரை ஒரு கண்கூட மூட மாட்டாராம் என்று சொல். உனக்குப் புரியாவிட்டாலும் அப்படியே சொல்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன் ஃபெர்மின்